தீர்மானம் எண் 4: எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள் கவனத்துக்கு,

சென்ற ஞாயிறு மாலை சங்கக் கூட்டத்தில் நான்காவது தீர்மானமாக ஒன்றை நிறைவேற்றினீர்கள். மறுநாள் காலை அது பிள்ளையார் கோயிலுக்கு எதிரே உள்ள அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. "நகரின் அமைதி, பண்பாடு ஆகியவற்றைக் கருத்தில் கொண்டு, ஆப்பிரிக்க நாட்டு மாணவர்களுக்கு வீடு வாடகைக்கு விடுவதை உறுப்பினர்கள் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. தற்போது குடியிருப்பவர்களை நடப்புக் கல்வியாண்டு முடிவதற்குள் காலி செய்யச் சொல்லுமாறும் கேட்டுக்கொள்ளப்படுகிறது."

ஏற்காட்டு அடிவாரத்தில் இருக்கும் நம் நகரில் அப்படி வாடகைக்கு விட்ட வீடுகள் மூன்று. அதில் ஒன்று என்னுடையது. மாடியில் தான்சானியாவிலிருந்து வந்த இரண்டு பையன்கள் இருக்கிறார்கள், பிசியோதெரபி படிக்கிறார்கள். கூட்டத்தில் நான் எழுந்தபோது, "டீச்சர், லேட் ஆயிடுச்சுங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்றார் செயலாளர். அந்த அப்புறம் இதுதான். சங்கத்துக்குள் பேச இடம் கிடைக்கவில்லை, அதனால் ஊர் படிக்கும்படி எழுதுகிறேன். சங்கத்தின் பெயரைப் போடவில்லை. நாம் மட்டும் செய்கிற காரியமாக இருந்திருந்தால் போட்டிருப்பேன்.

முதலில் 2020-க்குப் போகலாம். அந்த ஆண்டு மே 25-ஆம் தேதி அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத் தெருவில் ஜார்ஜ் ஃப்ளாய்டின் கழுத்தில் ஒரு போலீஸ்காரர் ஒன்பது நிமிடத்துக்கு மேல் முழங்காலை அழுத்தி வைத்திருந்து கொன்றார். அன்று போலீஸ் வெளியிட்ட முதல் அறிக்கையில் அது உடல்நலக் கோளாறால் நேர்ந்த சாவு. 17 வயதுப் பெண் ஒருத்தி கைபேசியில் படம் பிடித்திருக்காவிட்டால் அந்த அறிக்கையே நிலைத்திருக்கும். ஜூன் 2-ஆம் தேதி அந்தச் சாவைக் கண்டித்து உலகம் முழுவதும் சமூக ஊடகங்களில் கறுப்புச் சதுரம் போட்டார்கள். இன்ஸ்டாகிராமில் மட்டும் 2 கோடியே 80 லட்சத்துக்கு மேல். நம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவும் அன்று முகப்புப் படத்தைக் கறுப்பாக்கியது. அந்தக் காணொலியைப் பார்த்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை என்று பொருளாளர் வீட்டம்மா என்னிடம் சொன்னார். மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னார். சொல்லும்போது குரல் கம்மியது.

அதெல்லாம் நடிப்பு என்று நான் சொல்லப்போவதாக நினைத்தால், இல்லை. நம்புகிறேன். அன்றைக்கு நீங்கள் பட்ட வேதனை நிஜம். என் புகார் அதைவிடக் கொஞ்சம் சிக்கலானது: நிஜமாக வேதனைப்பட்ட அதே ஆட்கள்தான் சென்ற ஞாயிறு கையைத் தூக்கினீர்கள். மனசு இளகுவது வேறு, வீட்டுச் சாவியைக் கொடுப்பது வேறு. முதலாவதை வைத்து இரண்டாவதற்குக் கணக்கு நேர்செய்ய முடியாது.

அந்த ஜூன் மாதத்திலேயே இதற்கு முன்னோட்டம் பார்த்தோம். ஜூன் 19-ஆம் தேதி சாத்தான்குளத்தில் ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் போலீஸ் பிடித்துப்போனது. 22, 23 தேதிகளில் இருவரும் இறந்துபோனார்கள். நம் குழுவில் ஒருவர் அந்தச் செய்தியைப் போட்டார். கால் மணி நேரத்தில் குழுவின் அட்மின், "அரசியல் பதிவுகள் வேண்டாம், குழு விதியை மதிக்கவும்" என்று எழுதினார். எழுதிய பதிவுக்கு மேலே கறுப்புச் சதுரம் அப்படியே இருந்தது. அதற்கு அடுத்த பதிவு, நம் நகரைச் சேர்ந்த ஒரு வரனுக்கு "நல்ல கலரான" பெண் தேவை என்பது. (அதே மாதக் கடைசியில் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரிலிருந்து ஃபேரை எடுக்கப்போவதாக அறிவித்து, குளோ அண்ட் லவ்லி ஆனது. க்ரீம் கம்பெனிக்கு இருந்த கூச்சம்கூட நம் வரன் அறிவிப்புகளுக்கு இன்றுவரை வரவில்லை.)

அமெரிக்காவில் என்ன ஆனது என்றும் பாருங்கள். பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி 2020 ஜூனில் அந்நாட்டு வயதுவந்தோரில் 67 சதவீதம் பேர் கறுப்பின மக்களின் உயிருக்கு மதிப்புக் கேட்ட 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' இயக்கத்தை ஆதரித்தார்கள். செப்டம்பரில் 55 சதவீதம். வெள்ளையரை மட்டும் எடுத்துக்கொண்டால் 60-லிருந்து 45-க்கு இறங்கியது. கறுப்பின மக்களிடையே 86, 87 என்று அசையாமல் நின்றது. ஜூனில் ஆதரவு சொன்ன வெள்ளையர் எல்லோரும் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. விஷயம் கழுத்து நெரிபட்ட ஒரு மனிதரைப் பற்றியதாக இருந்தவரை கூட இருந்தார்கள். போலீஸ் நிதி, பள்ளிக்கூடம், அக்கம்பக்கம் என்று தங்கள் தெருப் பக்கம் திரும்பியதும் விலகினார்கள்.

இது புதிதும் அல்ல. நான் கல்லூரியில் வரலாறு நடத்திய காலத்தில் ஆண்டுதோறும் ஒரு வகுப்பை 1966-ஆம் ஆண்டுச் சிகாகோவுக்கு ஒதுக்குவேன். அதுவரை மார்ட்டின் லூதர் கிங் தெற்கே போராடினார்: அலபாமா, மிசிசிப்பி, ஜார்ஜியா. பஸ்ஸில் உட்காரும் உரிமை, ஓட்டுப் போடும் உரிமை. வடக்கே இருந்த படித்த வெள்ளையர் பணம் அனுப்பினார்கள், ஊர்வலத்துக்கு வந்தார்கள். 1964-இல் சிவில் உரிமைச் சட்டமும் 1965-இல் வாக்குரிமைச் சட்டமும் வந்ததற்கு அந்த ஆதரவும் ஒரு காரணம். பிறகு கிங் வடக்கே வந்தார். சிகாகோவில் கறுப்பர்களுக்கு வீடு வாடகைக்குத் தர மறுக்கிறார்கள், விற்க மறுக்கிறார்கள் என்று வெள்ளையர் குடியிருப்புகள் வழியாக ஊர்வலம் நடத்தினார். 1966 ஆகஸ்ட் 5 அன்று மார்கெட் பார்க் (Marquette Park) பகுதியில் கூட்டத்திலிருந்து பறந்து வந்த கல் அவர் தலையில் பட்டு முழங்காலிட்டு விழுந்தார். மிசிசிப்பியிலும் அலபாமாவிலும்கூட இவ்வளவு வெறுப்பைப் பார்த்ததில்லை என்று செய்தியாளர்களிடம் சொன்னார். ஓட்டுக் கேட்டபோது ஆதரவு இருந்தது. பக்கத்து வீட்டைக் கேட்டபோது கல் வந்தது.

வீட்டுரிமை மசோதா அமெரிக்கக் காங்கிரசில் இழுபறியாகவே கிடந்தது. 1968 ஏப்ரல் 4 அன்று கிங் மெம்பிஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். நகரங்கள் பற்றி எரிந்தன. ஏப்ரல் 11 அன்று, சரியாக ஒரு வாரத்தில், நிறம், மதம், பிறந்த நாடு பார்த்து வீடு மறுப்பதைத் தடுக்கும் சட்டத்தில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டார். ஒரு உயிர் போனபிறகுதான் வாடகை வீட்டுக்கு வழி பிறந்தது.

இந்தக் கதையை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நம் நகரில் இரண்டு வீட்டுக்கு ஒரு பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறது. தலைவர் ஐயாவின் மகன் டல்லாஸில், செயலாளரின் மருமகள் நியூஜெர்சியில். நம்மவர்களுக்கு அந்த நாட்டின் கதவைத் திறந்துவிட்ட குடியேற்றச் சட்டமும் 1965-இல் வந்ததுதான். கறுப்பின மக்கள் அடிபட்டு, சிறைபோய்க் கொண்டுவந்த அதே அலையில் வந்தது. அதற்கு முன் இந்தியாவுக்கு அவர்கள் ஒதுக்கியிருந்தது ஆண்டுக்கு 100 இடம். ஆக, டல்லாஸில் உங்கள் மகனுக்கு "இந்தியர்களுக்கு வீடு இல்லை" என்று யாரும் பலகை மாட்ட முடியாமல் இருப்பதற்குக் காரணமானவர்களின் நிறம் என்னவென்று யோசித்துப் பாருங்கள். அந்த நிறத்துப் பிள்ளைகளில் ஒருவன் இங்கே வந்து வீடு கேட்டால் நீங்கள் பலகையில் தீர்மானம் ஒட்டுகிறீர்கள். (ஆப்பிரிக்காவும் அமெரிக்கக் கறுப்பரும் வேறு வேறு என்று யாராவது எழுந்திருக்கலாம். வாட்ச்மேனிடம் அந்த வேறுபாட்டை முதலில் விளக்குங்கள்.)

2017 பிப்ரவரியில் கான்சஸ் மாநிலத்தின் ஓலேத்தே ஊரில் ஸ்ரீனிவாஸ் குச்சிபொட்லா என்ற ஹைதராபாத்துப் பொறியாளரை, "என் நாட்டை விட்டுப் போ" என்று கத்திவிட்டு ஒருவன் சுட்டுக் கொன்றான். நாம் பூங்காவில் கூடி மெழுகுவத்தி ஏற்றினோம். நானும் வந்தேன். பிள்ளைகளுக்கு என்ன ஆகுமோ என்று தாய்மார்கள் அழுதார்கள். அடுத்த மாதமே டெல்லி பக்கம் கிரேட்டர் நொய்டாவில், ஒரு பள்ளி மாணவன் இறந்ததை ஒட்டிக் கிளம்பிய வதந்தியில், நைஜீரிய மாணவர்களை ஒரு வணிக வளாகத்துக்குள் வைத்துக் கும்பல் அடித்தது. நாற்காலியைத் தூக்கி அடித்த படம் டிவியில் வந்தது. டெல்லியில் இருக்கும் ஆப்பிரிக்கத் தூதர்கள் கூடி இது நிறவெறிதான் என்று அறிக்கை விட்டார்கள். நம் பூங்காவில் யாரும் கூடவில்லை. அந்தப் பையன்களுக்கும் ஊரில் தாய்மார்கள் இருந்திருப்பார்கள்.

இப்போது நம் தெருவுக்கு வருகிறேன்.

சென்ற அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி விழா. குழந்தைகள் மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையக் காட்சியை நடித்தார்கள். 1893 ஜூன் மாதக் குளிரில் முதல் வகுப்பிலிருந்து காந்தியைத் தள்ளிவிடும் காட்சி. நன்றாக நடித்தார்கள், எல்லோரும் கைதட்டினோம். அடுத்து மாறுவேடப் போட்டி. ஏழெட்டு வயசுப் பையன் ஒருவனை மண்டேலாவாக நிறுத்தினார்கள். முகம், கழுத்து, கை எல்லாம் கரித்தூளை எண்ணெயில் குழைத்துப் பூசியிருந்தது; வேர்வையில் வழிந்து வெள்ளைச் சட்டைக் காலரில் இறங்கியது. உதட்டுக்கு மட்டும் சிவப்பு. என் மாடிப் பையன்களில் மூத்தவன், நான் கூப்பிட்டதால் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். மைக்கில் இருந்த செயற்குழு உறுப்பினர் அவனைப் பார்த்துவிட்டு, "ஒரிஜினலே வந்திருக்காரு, அப்புறம் மேக்கப் எதுக்குங்க?" என்றார். பந்தலே சிரித்தது. அவனுக்குத் தமிழ் முழுசாகப் புரியாது. எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பதைப் பார்த்து அவனும் சிரித்தான், கையைத் தூக்கி வணக்கம் வைத்தான். அவனைச் சுற்றியிருந்த நான்கைந்து நாற்காலிகள் விழா முடியும் வரை காலியாகவே கிடந்தன. நின்றுகொண்டு பார்த்தவர்கள் இருந்தார்கள்.

சில வாரம் கழித்துத் தீர்மானம் எண் 4.

காந்தியை மேடையேற்றுகிற சங்கம் இன்னொன்றையும் குழந்தைகளுக்குச் சொல்லியிருக்கலாம். கானா பல்கலைக்கழகத்தில் 2016-இல் நம் குடியரசுத் தலைவர் திறந்துவைத்த காந்தி சிலையை 2018 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் இருந்த ஆரம்ப காலத்தில் அவர் கறுப்பின மக்களைத் தாழ்த்தி எழுதியவற்றைக் காட்டி, ஆசிரியர்களும் மாணவர்களும் எதிர்த்தார்கள். பிற்காலத்தில் அவர் பார்வை மாறியது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் காந்தி குறைந்துவிட மாட்டார். ரயிலிலிருந்து தள்ளப்பட்டவர்கள் தாங்கள் யாரையும் தள்ளுவதில்லை என்று நினைத்துக்கொள்வது மட்டும் நின்றுபோகும்.

அடுத்து, வாசல் நோட்டுப் புத்தகம். வாட்ச்மேன் அண்ணனிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். வருபவர், வீட்டு எண், நேரம் என்று கோடு போட்ட நீள நோட்டு. கூரியர்காரருக்குப் பெயர் இருக்கிறது. கேஸ் சிலிண்டர் போடுகிறவருக்குப் பெயர் இருக்கிறது. நகரில் குடியிருப்பவர்கள் வந்துபோவதை எழுதுவதே இல்லை. சரிதான், எழுத வேண்டியதில்லை. என் மாடியில் குடியிருக்கும் இருவர் கல்லூரிக்குப் போவதும் வருவதும் மட்டும் தினமும் எழுதப்பட்டிருக்கிறது. பெயர் இல்லை. "நீக்ரோ 2". ஒருவன் மட்டும் வந்தால் "நீக்ரோ 1". ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பச்சை மையில் செயலாளரின் சுருக்கொப்பம். வாட்ச்மேன் அண்ணனைக் குறை சொல்லாதீர்கள். "அப்படித்தான் எழுதச் சொன்னாங்க டீச்சர்" என்றார்.

நீங்கள் சொல்லும் காரணங்களுக்கு வருகிறேன். சத்தமாகப் பாட்டு வைக்கிறார்கள் என்றீர்கள். வைப்பார்கள். சனிக்கிழமை ராத்திரி மூத்தவன் வைப்பான், நான் கீழேயிருந்து கத்துவேன், குறைப்பான். அவர்கள் தங்கமான பிள்ளைகள் என்று நற்சான்று கொடுப்பதற்காக இதை எழுதவில்லை. வாடகைக்கு இருப்பதற்கு யாரும் தங்கமாக இருக்க வேண்டியதில்லை. மூன்றாவது குறுக்குத் தெருவில் புதுமனை புகுவிழாவுக்கு இரண்டு நாள் ஸ்பீக்கர் கட்டியபோது பண்பாடு குறுக்கே வரவில்லை. போதைப்பொருள் என்று ஒருவர் முணுமுணுத்தார். ஆதாரம் இருந்தால் போலீசிடம் கொடுங்கள், நானே கூட வருகிறேன். போலீசுக்குத் தெரியாமல் யாரும் இங்கே இல்லை; வெளிநாட்டவர் தங்கியிருப்பதைப் பதிவு செய்த ஒப்புதல் ரசீது என் பீரோவில் இருக்கிறது. கல்லூரி விடுதியிலேயே இருக்கட்டுமே என்றார் இன்னொருவர். விடுதியில் இருப்பதா வெளியே இருப்பதா என்பதை உங்கள் பிள்ளைகள் டெக்சாஸில் தாங்களே முடிவு செய்துகொள்கிறார்கள்.

வெளிநாட்டவர் என்பதும் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. முன்பு இளம்பிள்ளைத் தறிகளைப் பார்க்க வந்த ஜெர்மன் தம்பதி நம் நகரில்தான் தங்கினார்கள். பொங்கல் விழாவில் அவர்களுக்குப் பொன்னாடை போர்த்தினோம். கோடையில் அவர்கள் கிளம்பும்போது சங்கச் செலவில் ஒரு கூடை மல்கோவா கொடுத்து அனுப்பினோம். அவர்கள் ராத்திரி பால்கனியில் பீர் குடித்தது எல்லோருக்கும் தெரியும். "அவங்க ஊர் பழக்கம்" என்று சிரித்தோம்.

இதை நிறத்தோடு நிறுத்தவும் என்னால் முடியவில்லை. வீடு மறுக்கிற பழக்கத்தை நாம் தான்சானியாக்காரர்கள் வந்தபிறகா கற்றுக்கொண்டோம்? நம் நகருக்கு ஆள் பிடித்துத் தரும் புரோக்கர் போனில் கேட்கும் இரண்டாவது கேள்வி, "நீங்க என்ன ஆளுங்க?" அதைக் கேட்கக் கூச்சப்படும் வீட்டுக்காரர்களுக்காக அவர் வைத்திருக்கும் நாகரிகமான சொல், "சைவம் மட்டும்". கறிக்குழம்பு வாசனை தெருவையே தூக்கும் வீடுகளும் அந்தச் சொல்லைப் பயன்படுத்துகின்றன. காலையில் தெருக்கூட்ட வரும் தூய்மைப் பணியாளர் அக்காவுக்கு இப்போதெல்லாம் யாரும் சிரட்டையில் காபி ஊற்றுவதில்லை, முன்னேறிவிட்டோம்; பேப்பர் கப்பு வாங்கி வைத்திருக்கிறோம். வீட்டுக்கு வரும் மற்ற விருந்தாளிகளுக்கு டம்ளர்தான். மலையிலிருந்து பலாப்பழமும் ஆரஞ்சும் கொண்டுவரும் பெண்கள் பூங்கா பெஞ்சில் உட்காரக் கூடாது என்று வாய்மொழி உத்தரவு வேறு.

1959-இல் கிங் இந்தியா வந்தபோது, திருவனந்தபுரத்தில் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பிள்ளைகள் படித்த பள்ளியில், தலைமை ஆசிரியர் அவரை "அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் உங்களைப் போன்ற ஒரு தீண்டப்படாதவர்" என்று அறிமுகம் செய்ததாகப் பின்னாளில் ஒரு பிரசங்கத்தில் அவரே சொன்னார். முதலில் சுருக்கென்று இருந்ததாம், யோசித்துப் பார்த்தால் உண்மை என்று பட்டதாம். அந்த ஆசிரியருக்கு 1959-லேயே தெரிந்திருந்தது, அங்கே நடப்பதும் இங்கே நடப்பதும் அக்கா தங்கை என்று. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தபோது, நம் வாட்ஸ்அப் குழுவில் "நம்ம பேரைக் கெடுக்கறாங்க" என்று அங்கிருக்கும் பிள்ளைகள் கொதித்தார்கள். மூன்று வருஷம் முன்னால் கறுப்புச் சதுரம் போட்டவர்கள் அவர்கள்.

சேலத்துக்காரர்கள் இதில் வேறு ஊர்க்காரர்களைவிடக் கொஞ்சம் அடக்கமாக இருக்கலாம். 2015-இல் கொல்லப்பட்ட தலித் இளைஞர் கோகுல்ராஜ் ஓமலூர்க்காரர். வேறு சாதிப் பெண்ணோடு கோயிலுக்குப் போனதுதான் அவர் செய்தது. 2022 மார்ச்சில் பத்துப் பேருக்குத் தண்டனை கிடைக்கும் வரை விடாமல் நின்றவர் அவர் தாய். அந்தத் தாய்க்காக நம் பூங்காவில் ஒரு மெழுகுவத்தி எரியவில்லை. 2018 அக்டோபரில், நாடு முழுக்க மீ டூ என்று பேசிக்கொண்டிருந்த அதே நாட்களில், ஆத்தூர் பக்கம் தளவாய்ப்பட்டியில் 13 வயது தலித் சிறுமியைத் தாயின் கண்ணெதிரே ஒருவன் கழுத்தை அறுத்துக் கொன்றான். நம் நகரில் அன்று நடந்த மகளிர் கூட்டத்தில் சினிமாக்காரர்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். 2022 ஜூலையில் பெரியார் பல்கலைக்கழக எம்.ஏ. வரலாற்று வினாத்தாளில் தமிழ்நாட்டின் தாழ்ந்த சாதி எது என்று கேட்டு நான்கு விடை கொடுத்திருந்தார்கள். என் துறை. என்னால் அன்று அந்தத் தாளைக் கையில் வைத்திருக்கவே முடியவில்லை.

இலங்கைத் தமிழருக்காக 1983-இல் கடையடைத்து ஊர்வலம் போன ஊர் இது. அந்த ஆத்திரமும் நிஜம். அவர்களில் எத்தனையோ குடும்பங்கள் நம் மாவட்டத்து முகாம்களில் இரண்டு தலைமுறையாக இருக்கின்றன. முகாம் விலாசம் போட்ட ஆதாரைக் காட்டி நம் நகரில் வீடு கேட்டால் கிடைக்குமா என்று மட்டும் புரோக்கரிடம் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

உங்களிடம் நான் கேட்பவை இவை.

தீர்மானம் எண் 4-ஐ அடுத்த பொதுக்குழுவில் ரத்து செய்து, ரத்து செய்ததை மினிட்ஸ் புத்தகத்தில் எழுத வேண்டும். "நிறுத்தி வைக்கப்படுகிறது" என்ற சமாளிப்பு வேண்டாம். பலகையில் ஒட்டிய தாளைக் கிழித்தால் போதாது. ரத்தான செய்தியை அதே இடத்தில், அதே அளவில் ஒட்ட வேண்டும். மற்ற இரண்டு வீட்டுக்காரர்களையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுவதை உடனே நிறுத்துங்கள். அவர்களில் ஒருவர் ஏற்கெனவே பயந்துபோய்க் காலி செய்யச் சொல்லிவிட்டார், அட்வான்சையும் இன்னும் திருப்பித் தரவில்லை. அது சங்கம் ஏற்படுத்திய நஷ்டம்; பேசி வாங்கித்தர வேண்டியது சங்கத்தின் பொறுப்பு.

வாசல் நோட்டில் குடியிருப்பவர் யாரையும் எழுதக்கூடாது. எழுதினால் எல்லோரையும், தலைவர் ஐயாவின் வீட்டையும் சேர்த்து, பெயர் சொல்லி எழுத வேண்டும். பழைய பக்கங்களை அழிக்க வேண்டாம். அவை இருக்கட்டும்; செயலாளர் அந்த வார்த்தையின் கீழே ஏன் கையெழுத்துப் போட்டார் என்று பொதுக்குழுவில் விளக்கம் சொல்லட்டும். மைக்கில் பேசிய உறுப்பினர் என் மாடிக்கு வந்து அந்தப் பையனிடம் நேரில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். மொழிபெயர்க்க நான் இருக்கிறேன்.

வாடகைக்கு இருப்பவர்கள் மாதப் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறார்கள், கூட்டத்தில் பேசமட்டும் முடியாது. அந்த விதியை மாற்றுங்கள். ஒரு குடித்தனக்காரர் மேல் புகார் வந்தால் அவரைக் கூப்பிட்டுக் கேட்காமல் தீர்மானம் போடக்கூடாது என்று துணைவிதியில் சேர்த்துக்கொள்ளுங்கள். புரோக்கர்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: இந்த நகருக்கு ஆள் கொண்டுவரும்போது சாதி கேட்கக் கூடாது என்று. சங்கத்தின் லெட்டர்ஹெட்டில், முத்திரையோடு.

இவற்றைச் செய்ய மனமில்லை என்றால், தீர்மானத்தின் நகலை, அதை முன்மொழிந்தவர் பெயரோடும் வழிமொழிந்தவர் பெயரோடும், காரணங்களோடும் எனக்கு எழுத்தில் கொடுங்கள். நிறப்பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1968-இல் ஏற்றுக்கொண்டது. அதில் வீட்டுரிமையும் இருக்கிறது. பதிவுபெற்ற சங்கம் ஒன்று இப்படித் தீர்மானம் போடலாமா என்பதை மாவட்டப் பதிவாளரிடமும் ஆட்சியரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரைக்கும் மார்ச் 21-ஆம் தேதி பேச்சுப் போட்டியை நிறுத்திவையுங்கள். நிறவெறி ஒழிப்பு நாள் என்று தலைப்பு அறிவித்துவிட்டீர்கள், பரிசுக்கு நன்கொடையும் வசூலித்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். 1960-இல் தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டு 69 பேர் செத்த நாள் அது. வெள்ளையரின் பகுதிகளுக்குள் வரவும் இருக்கவும் கறுப்பர்கள் எப்போதும் அடையாளப் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்துக் கூடியவர்கள் அவர்கள். வாசலில் நம் நோட்டுப் புத்தகம் அப்படியே இருக்க, அந்த நாளைப் பற்றிப் பேசச் சொல்லிக் குழந்தைகளை மேடையேற்ற வேண்டாம்.

என் மாடி வீட்டு ஒப்பந்தம் மே மாதம் முடிகிறது. அவர்கள் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கும் சேர்த்தே புதுப்பிக்கப் போகிறேன். சாட்சிக் கையெழுத்துக்கு நகரிலிருந்து இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கிடைத்துவிட்டார், பொருளாளர் வீட்டம்மா. இன்னொருவர் உங்களில் யார் என்பதை அடுத்த கூட்டத்துக்குள் தெரியப்படுத்துங்கள்.

இப்படிக்கு,
இரண்டாவது குறுக்குத் தெரு உறுப்பினர்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
சேலம்